கை மூடாத சிரிப்பு

ஒரத்தநாட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பெண் மசக்கைக்கு ஓய்வாக வந்திருந்தாள், ஐந்தாம் மாதம். சிரித்த முகந்தான். ஆனால் சிரிப்பு வந்ததும் கை வாய்க்குப் போய்விடும்.

"என்னடி, புதுசாக வெட்கம்?" என்றேன். கையை எடுத்துக் காட்டினாள். முன்பல் ஓரத்தில் மிளகளவு கறுப்புச் சொத்தை!

"பிரசவம் ஆகட்டும் மன்னி, அப்புறம் பிடுங்கிவிடலாம்" என்றாள் நாத்தனார். "பிள்ளைக்கு ஒரு பல் போகத்தான் போகும்" என்று ஆமோதித்தார் பாட்டி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரபோஜி மன்னர் முத்தாம்பாள் நினைவாகச் சத்திரம் கட்டிய ஊர் இது. அங்கே கர்ப்பிணிகளைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஊரிலா இப்படி ஒரு பேச்சு?

வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பைத் திருடுவதில்லை, சகோதரிகளே! மசக்கை வாந்தியின் புளிப்பு, அடிக்கடி கொறிக்கும் தித்திப்பு, குமட்டலுக்குப் பயந்து பல் தேய்க்காமல் விடுவது இவையே காரணம். வாந்தி எடுத்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். அரைமணி கழித்துத் தேய்க்கலாம். கர்ப்பத்தில் பல் வைத்தியம் கூடாது என்பதும் தவறு. நடு மாதங்கள் அதற்குச் சௌகரியமானவை.

மறுநாளே தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். சொத்தை வேருக்குப் போகவில்லை. பிடுங்க வேண்டாம், பல்லின் நிறத்திலேயே அடைத்துவிடலாம் என்றார். புடவைக்கு ரவிக்கைத் துணி பார்ப்பதுபோல் பல்லோடு நிறம் ஒத்துப்பார்த்தார். சொத்தையைச் சுரண்டி, லேசான அமிலம் தடவிக் கழுவினார். அதனால் பல்லில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகிப் பிடிமானம் கிடைக்கிறதாம். அமெரிக்காவில் புவனகோர் என்பவர் 1955ல் கண்ட உபாயம் இது. பிறகு, பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்த பசையைச் சிறிது சிறிதாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டினார். பசை கல்லாக இறுகிவிட்டது! இந்தப் பிசினை உருவாக்கியவர் போவன் என்ற அமெரிக்கர். 1962ல் காப்புரிமை பெற்றார்.

பெண்ணுக்கு இன்னொரு கவலை. கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு ஒன்று இருந்தது. "அதில் பாதரசம் இருக்கிறதாமே, எடுத்துவிடுங்கள்" என்றாள்.

"பாதிக்குப் பாதி பாதரசந்தான். ஆனால் மற்ற உலோகங்களோடு இறுகிக் கிடக்கிறது. குடையும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். நன்றாக இருப்பதை இப்போது தொடவேண்டாம்" என்றார் டாக்டரம்மா. புதிதாக வைப்பதுதான் வேறு விஷயம். 2013ல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு, அவசியம் என்று டாக்டர் கருதினாலன்றி, வெள்ளி அடைப்பு வைக்கலாகாது என்று 2022ல் அதில் தீர்மானித்தார்கள். 2034க்குள் அதை அடியோடு நிறுத்துவதென்று 2025ல் ஜெனீவாவில் முடிவாயிற்று.

நிற அடைப்பு சிரஞ்சீவி என்று எண்ணிவிடாதீர்கள். அடைக்கும்போது எச்சில் பட்டால் சரியாகப் பிடிக்காது. பிற்பாடு காபியும் வெற்றிலையும் கறை ஏற்றும். ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிக்கலாம். ஆகவே, காலையிலும் படுக்கப் போகுமுன்பும் பல் தேய்ப்பதும், அவ்வப்போது டாக்டரிடம் காட்டுவதும் அவசியம். மிளகளவில் போனால் அடைப்போடு முடியும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் வேர் வைத்தியம், அதற்கும் மிஞ்சினால் குறடுதான்!

ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் போனேன். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். யாரோ கேலி செய்ய, கலகலவென்று சிரித்தாள் பெண். கை மடியிலேயே இருந்தது.

பாட்டி என்னை மெதுவாக அருகில் கூப்பிட்டார். "ஏண்டி, எனக்கும் ஒரு பல் கூசுகிறது. அந்த டாக்டரம்மா கிழவிகளையும் பார்ப்பாளோ?"