விரல் நிற்கும் இடம்

வளரும் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துத் தம் உடம்பையே வெறுக்கிறார்கள் என்ற கவலை இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் சொல்கிறார், ஞாயிறு இணைப்பில் மனநல மருத்துவர் எழுதுகிறார், பட்டிமன்ற மேடையில் கைதட்டலும் விழுகிறது. எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: பிள்ளையைக் கண்டியுங்கள், போனைப் பிடுங்குங்கள். இந்தப் பேச்சில் செயலியை நடத்துகிறவர் பெயர் மட்டும் அடிபடுவதில்லை.

2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வைத்து எழுதியது. அவற்றை வெளியே கொண்டுவந்தவர் அங்கே வேலை பார்த்த ஃபிரான்செஸ் ஹாகன். அடுத்த மாதமே அமெரிக்க செனட் குழு முன் சாட்சியும் சொன்னார். உடம்பை நினைத்து ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் செயலி அந்த வருத்தத்தைக் கூட்டியது என்று அதன் சொந்த ஆய்வாளர்களிடமே சொல்லியிருந்தார்கள். ஆய்வைத் தவறாகப் படிக்கிறீர்கள், பல பிள்ளைகளுக்கு எங்கள் செயலி உதவியாகத்தான் இருக்கிறது என்று நிறுவனம் பதில் சொன்னது. இருக்கட்டும். இத்தனை பிள்ளைகளுக்கு ஒவ்வாத மிட்டாயை, மீதிப் பேருக்கு இனிக்கிறதே என்று பள்ளி வாசலில் விற்க எந்த ஊராட்சியும் விடாது.

ஒரு பிள்ளை எதைத் தேடினாள் என்பதைவிட, எதன்மேல் அவள் விரல் நகராமல் நின்றது என்பதே செயலிக்கு முக்கியம். 'பத்தே நாளில் தொப்பை குறைய' என்ற வீடியோவுக்கு அவள் லைக் போடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. கூச்சத்தோடு கடைசிவரை பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். அடுத்து இடுப்பளவு வரும். அதற்கடுத்து கன்னச் சதை கரைக்கும் பயிற்சி. பையன் என்றால் சிக்ஸ் பேக் வயிறும் புரோட்டீன் பவுடரும். கூச்சத்துக்கும் ஆசைக்கும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் பார்த்த நேரம் என்றே பதிவாகின்றன. பார்த்த நேரம்தான் விளம்பரக் காசு.

போதாக்குறைக்குக் கேமராவும் கோணலாகக் காட்டுகிறது. ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2018இல் கணக்கிட்டுச் சொன்னது. அகலமாக்கிய அதே போனில் அதை ஒடுக்க ஃபில்டரும் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் தாடை கூர்மையாகிறது, கண் பெரிதாகிறது, நிறம் இரண்டு படி வெளுக்கிறது. முகத்துக்குக் குறுக்கே கையை ஆட்டினாலும் கலையாத அளவுக்கு இவை தேறிவிட்டன. 2017இல் ஃபேஸ்ஆப் செயலியின் அழகாக்கும் ஃபில்டர் கறுத்த முகங்களை வெளுக்கவைத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், பயிற்சிக்குக் கொடுத்த படங்களால் நேர்ந்த கோளாறு என்று அதன் நிறுவனர் மன்னிப்புக் கேட்டார். ஃபில்டரை அணைத்ததும் தெரிகிற சொந்த முகம் பிள்ளைக்குப் பிசகாகப் படுவதற்கு மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

வெளுப்பு மோகம் போனோடு வந்ததல்ல. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் கடைக்கு வந்தது; 2020இல் பேரை மட்டும் மாற்றிக்கொண்டது. குண்டானவரையும் கறுத்த பெண்ணையும் காட்டினாலே சிரிப்பு என்று நம் சினிமா எத்தனையோ காலம் ஓட்டியிருக்கிறது. கல்யாண வீட்டில், "என்னடி இப்படிக் கறுத்துட்டே, வெயில்ல அலையுறியா?" என்று கேட்கும் அத்தைக்கு அது நலம் விசாரிப்பு. ஆனால் அத்தை மறுநாள் ஊருக்குப் போய்விடுவாள். போன் போகாது. எந்தச் சொல் எங்கே தைத்தது என்று குறித்து வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குத் திரும்பக் காட்டும்.

படத்துக்கு அவ்வளவு வலிமை உண்டா என்று கேட்பவர்கள் ஃபிஜித் தீவைப் பார்க்கலாம். பருத்த உடம்பைச் செழிப்பாக மதித்த அந்நாட்டின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. 1998இல் அங்கே பள்ளி மாணவிகளில் 74 சதவீதம் பேர், சில நேரமாவது தாங்கள் பருமனாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று ஆய்வாளர் ஆன் பெக்கரின் குழுவிடம் சொன்னார்கள். அது எல்லாருக்கும் ஒரே படத்தைக் காட்டிய பெட்டி. போனோ ஆள் பார்த்துக் காட்டுவது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் பிரிவில், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். ஆனால் பேச்செல்லாம் அதே பிரிவில் உள்ள பெற்றோர் சம்மதத்தைச் சுற்றியே நடக்கிறது. பல வீடுகளில் இருப்பது கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய போன். அம்மாவுக்கு வரும் ஓடிபியைப் படித்துச் சொல்வதே பிள்ளைதான். அங்கே சம்மதம் தருவது யார்? ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கணக்குக் கூடாது என்று சொல்லி, பொறுப்பை நிறுவனங்கள் தலையில் கட்டியிருக்கிறது. அந்த மட்டில் சரி. வயதைக் கூட்டிச் சொல்லி நுழைந்துவிடும் பிள்ளைக்கு உள்ளே காத்திருப்பது பழைய இயந்திரமே.

எனவே நாம் கேட்பது இரண்டு. விரல் நின்ற நேரத்தை அளந்து அடுத்த வீடியோவைத் தள்ளுவதும் கண்காணிப்புதான் என்று 9ஆம் பிரிவுக்குப் பொருள்கொள்ள வேண்டும். சிறுவர் கணக்குகளில் முகத்தையும் நிறத்தையும் திருத்தும் ஃபில்டர்கள் இருக்கக் கூடாது. இது முடியாத காரியமல்ல. தோற்றத்தை மாற்றும் சில ஃபில்டர்களை 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நிறுத்தப்போவதாக 2024 நவம்பரில் டிக்டாக்கே அறிவித்தது. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல இங்கே ஆள் பஞ்சமில்லை. நிறுவனங்களிடம் கணக்குக் கேட்கும் வேலையை அந்தச் சட்டப்படியான தரவுப் பாதுகாப்பு வாரியம் செய்யப்போகிறதா என்று, அவகாசம் முடியுமுன்பே நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கட்டும்.

- ஆசிரியர் குழு