ஓட்டை போடறதுக்கு முன்னாடி

"அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எந்த பிக்கப் நல்லது?"ன்னு கேட்டா, கடையில பெரும்பாலும் சொல்றது சேடிலுக்கு அடியில வைக்கிற பீசோவைத்தான். நானும் தலையாட்டினேன். முதல் சம்பளத்துல வாங்கின கிட்டார். ஓட்டை போட்டு, சேடிலைக் கொஞ்சம் ராவி, மாட்டிக் கொடுத்தாங்க. மேடையில விரலால மெதுவா வாசிச்சப்போ அருமை. பிக் எடுத்து வேகமா அடிச்சதும் வாத்து கத்தற சத்தம்! சரியான ப்ரீஆம்ப் இல்லாம மிக்சர்ல செருகினா இன்னும் மோசம், கீழ்ஸ்தாயி மெலிஞ்சு தகரமாயிடும்.

என் கட்சி இதுதான். ஸ்டீல் கம்பின்னா முதல்ல சவுண்ட்ஹோல்ல மாட்டற காந்த பிக்கப். டிரம்ஸ் பக்கத்துல இருந்தாலும் சுலபத்துல ஊளையிடாது. பிடிக்கலைன்னா கழட்டிடலாம். கொஞ்சம் எலெக்ட்ரிக் வாடை அடிக்கும், ஒத்துக்கறேன். 1993-ல நிர்வானாவோட 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சியில கர்ட் கோபேன் வாசிச்ச கிட்டார்லயும் அந்த மாதிரி ஒண்ணுதான் இருந்துச்சு. யாராவது குறை சொன்னாங்களா என்ன?

நைலான் கம்பிக்குக் காந்தம் வேலைக்காகாது. அப்பவும் பலகையில ஒட்டற பீசோவை முதல்ல முயற்சி பண்ணிப் பாருங்க. அமைதியான ஹால்ல தனியா வாசிக்கறவங்களுக்கு ஒரு நல்ல மைக்கே போதும்.

பிக்கப்பை எப்ப வேணா மாத்தலாம். போட்ட ஓட்டை போட்டதுதாங்க.