சான்றிதழுக்கா, கேட்பதற்கா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கல்லூரியில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்குக் கோபம்கூட வரலாம். வந்தாலும் கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் என்னிடம் பத்தாவது படித்த பெண் ஒருத்தி எருமப்பட்டி வீட்டுக்கு வந்தாள். அப்பா கோழிப்பண்ணையில் கூலி வேலை. மகள் இப்போது தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். உதவித்தொகை கிடையாது. சங்கப் பாடல்களில் கொல்லிமலை பற்றி அவள் எழுதிய கட்டுரை, செங்கல் கனத்தில் ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் வந்திருக்கிறது. அதைக் காட்டத்தான் வந்தாள்.

"படிச்சப்போ என்ன கேள்வி கேட்டாங்க கண்ணு?" என்றேன்.

"யாரும் கேக்கலீங்கய்யா. அஞ்சு நிமிஷம் குடுத்தாங்க. அடுத்துப் படிக்கிறவங்க நாலு பேருதான் ரூம்ல இருந்தாங்க."

பதிவுக் கட்டணம் 1,200 ரூபாய். பஸ், தங்கல், சாப்பாடு தனி. அப்பா பண்ணையில் முன்பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வராமலே பணம் மட்டும் கட்டியவர்களுக்கும் அதே சான்றிதழ் கூரியரில் போயிருக்கிறது. அப்படியானால் இந்தப் பெண் எதற்காகப் பஸ் ஏறினாள்?

இந்த நிலை எப்படி வந்தது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிப்படி, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கட்டாயம் போனது, பழக்கம் போகவில்லை. ஆசிரியர்களுக்கோ 2018 விதியின் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. தேசியக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 3, நம் நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் படித்தால் 5. வெளிநாட்டு நண்பர் ஒருவர் செல்போன் திரையில் வந்து வாழ்த்திவிட்டால் நம்மூர்க் கருத்தரங்கும் 'பன்னாட்டு' ஆகிவிடுகிற ரகசியம் இதுதான். தொகுப்பின் பின்னட்டையில் இருக்கிற ஐ.எஸ்.பி.என். எண்ணும் தரத்துக்கான முத்திரை அல்ல. புத்தகத்துக்கு அது ஓர் அடையாள எண். நம் நாட்டில் இலவசமாகவே தருகிறார்கள்.

"கட்டணம் வாங்காமல் எப்படி நடத்துவது ஐயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கல்லூரிகளுக்கு நிதி வருவது அரிது என்பது எனக்கும் தெரியும். ஆனால் செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாசல் நிறைய பிளெக்ஸ், மேடையில் பன்னிரண்டு நாற்காலி. அரங்கம் உங்கள் கல்லூரியுடையது. சாப்பாட்டை விடுதிச் சமையலறையிலேயே செய்துகொள்ளலாம். தொகுப்பை அச்சடிக்காமல் இணையத்தில் போட்டால் நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள். இத்தனைக்குப் பிறகும் பணம் வேண்டுமா? சம்பளம் வாங்குகிறவர்களிடம் வாங்குங்கள். சம்பளமில்லாத ஆய்வாளரிடம் வாங்குகிற பணத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தாதீர்கள்.

வருகை விஷயம் இதைவிட மோசம். காலையில் தொடக்க விழாவுக்கு இளங்கலைப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து ஓட்டி வந்து அரங்கை நிரப்புகிறீர்கள். போட்டோ எடுத்தாகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. சிறப்பு விருந்தினர் தன் உரை முடிந்ததும் கார் ஏறிவிடுகிறார். இந்த லட்சணத்தில் பிள்ளைகளுக்கு 75 சதவீத வருகைப் பதிவு பற்றிப் பாடம் வேறு.

1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் உலக மாநாடு நடந்தது. அங்கே கூடிய தமிழறிஞர்கள் தனிநாயக அடிகளின் முயற்சியால் ஒன்றாக உட்கார்ந்து பேசி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. ஆட்கள் நேரில் வந்து, இருந்து, பேசியதால் விளைந்தது இது. கூரியரில் சான்றிதழ் வாங்கியிருந்தால் விளைந்திருக்குமா?

என் பிள்ளைகளில் துறைத்தலைவர்களாக இருப்பவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். சம்பளமோ உதவித்தொகையோ இல்லாத ஆய்வாளரிடம் கட்டணம் வாங்காதீர்கள். வராதவருக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். உடம்பு முடியாதவர், கைக்குழந்தைக்காரர் இணையவழியில் படிக்கட்டும். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். மூன்றாவது, நூற்று நாற்பது கட்டுரைக்குப் பதில் இருபது எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம், அதில் பாதி கேள்விக்கு. சான்றிதழை மாலையில் கடைசியாகக் கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் கட்டுரையை அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்கு நன்றாகப் பதில் சொன்னாள். மூன்றாவதற்கு, "யோசிச்சுட்டு வர்றேனுங்கய்யா" என்றாள். 1,200 ரூபாய் கட்டியும் அவளுக்குக் கிடைக்காதது இதுதான்.

இப்படி ஒரு கருத்தரங்கை உங்களில் யார் நடத்தினாலும் சொல்லுங்கள். என் காசில் பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன். பொன்னாடை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா, எருமப்பட்டி