திருஷ்டி பூசணிக்காயும் ஆன்ட்டிவைரஸ் பெட்டியும்

வீட்டுக்கு லேப்டாப் வாங்க வருகிற எந்தக் குடும்பத்தையும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ரிச்சி தெருவாக இருந்தாலும் சரி, உள்ளூர் ஷோரூமாக இருந்தாலும் சரி, பில் போடுகிற நேரத்தில் கடைக்காரர் சாவகாசமாக ஒரு கேள்வி கேட்பார்.

"ஆன்ட்டிவைரஸ் போட்டுடலாமா சார்? அப்புறம் வைரஸ் வந்துச்சுன்னா நாங்க பொறுப்பில்ல."

அப்பா பையனைப் பார்ப்பார். காலேஜில் படிக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் தெரிந்தவனாகக் கருதப்படும் பையன், "போட்டுடலாம்பா" என்பான். பையில் ஓர் அட்டைப்பெட்டி விழும். லேப்டாப்புக்கு ஐநூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசிய அதே அப்பா, அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டார். என்ன கேட்பது என்றே அவருக்குத் தெரியாது. மொத்த வியாபாரமும் அந்தத் தெரியாமையில்தான் நடக்கிறது.

"எந்த ஆன்ட்டிவைரஸ் நல்லது?" என்பது தப்பான கேள்வி. இன்றைக்கு விண்டோஸ் 11 ஓடுகிற சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எதையும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கூடவே வருகிற டிஃபெண்டர் போதும். இதைச் சொன்னால் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் காமர்ஸ். 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்குக் காரின் லட்சணம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட சந்தையில் நல்ல சரக்குக்கு மரியாதை இருக்காது, மட்டமான சரக்குதான் மிஞ்சும் என்றார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆன்ட்டிவைரஸ் விஷயம் பழைய காரை விட மோசம். கார் மட்டமானது என்றால் ஒரு மாதத்தில் புகை விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஆன்ட்டிவைரஸ் போட்டு ஒரு வருஷம் வைரஸே வரவில்லை என்றால் அது தடுத்ததா, இல்லை எதுவுமே வரவில்லையா? கண்டுபிடிக்க வழியே கிடையாது. வீட்டு முன்னால் தொங்குகிற திருஷ்டி பூசணிக்காய் கதைதான். கண் பட்டதா படவில்லையா என்று பூசணிக்காயிடமா கேட்க முடியும்?

பயனைக் காட்ட முடியாத பொருளை விற்க ஒரே வழி, பயத்தைக் காட்டுவது. சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறி, "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று அலறுகிற ஜன்னல். சும்மா கிடக்கிற குக்கீகளைக் கூட எண்ணி, "இத்தனை பிரச்சினைகள்" என்று கணக்குக் காட்டுகிற மென்பொருட்களும் உண்டு.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை. ஆபீஸ் டிப்போ என்ற பெரிய சங்கிலிக் கடையில், வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டரை இலவசமாகச் சோதித்துக் கொடுத்தார்கள். ஸ்கேன் ஆரம்பிக்கும் முன் நாலு கேள்வி. கம்ப்யூட்டர் ஸ்லோவா, பாப்-அப் வருகிறதா என்கிற மாதிரி. அதில் ஒன்றுக்கு டிக் அடித்தாலே போதும், வைரஸ் அறிகுறி இருக்கிறது என்று ரிசல்ட் வந்துவிடும். ஸ்கேனுக்கும் அந்த ரிசல்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது! இதைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலருக்கு "ரிப்பேர்" விற்றார்கள். 2016 வரை ஓடிய இந்த நாடகத்துக்கு 2019-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் முற்றுப்புள்ளி வைத்தது. கடை 2.5 கோடி டாலர், மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலர் கட்டின.

"அது ஏமாற்று வேலை. பெரிய பிராண்டு அப்படிச் செய்யுமா?" என்பார்கள். பெரிய பிராண்டுகளையே பார்த்துவிடலாம்.

அவாஸ்ட். இலவச ஆன்ட்டிவைரஸ் என்றால் பாதிப் பேர் வாயில் முதலில் வருகிற பெயர். உங்களை யாரும் பின்தொடராமல் காப்போம் என்று விளம்பரம் செய்த இந்த நிறுவனம், தன் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் பயனாளிகள் எந்த எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றுக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் நூறு பேருக்கு மேல் என்றது அமெரிக்க வர்த்தக ஆணையம். ஒருவருடைய நோய், மதம், அரசியல், பணக் கஷ்டம் எல்லாவற்றையும் ஊகித்துவிடக் கூடிய விவரங்கள் அவை. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. இலவசமாகக் காவலுக்கு வந்த வாட்ச்மேன், வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று எழுதி வைத்துத் தெருமுனையில் விற்றிருக்கிறார்!

சரி, காசு கொடுத்து வாங்கினால்? 2021-இல் நார்ட்டன் தன் மென்பொருளோடு கிரிப்டோ மைனிங் வசதியைச் சேர்த்தது. பயனாளி ஒப்புக்கொண்டால், சும்மா இருந்த நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டர் ஈத்தீரியம் தோண்டியது. கரன்ட் பில் வீட்டுக்காரருடையது. வந்ததில் 15 சதவீதம் நார்ட்டனுக்குப் போனது. அடுத்தவர் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக மைனிங் செய்யும் வைரஸைத் தடுக்கத்தானே ஐயா உங்களை வாங்கினார்கள்?

புதுப்பித்தல் தந்திரமும் பழசு. கார்டைக் கேட்காமலேயே ஆண்டுதோறும் பணம் எடுக்கிறார்கள், அதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்ற புகாரில், 2009-லேயே நார்ட்டனை விற்ற சிமன்டெக்கும் மெக்காஃபியும் நியூயார்க் மாநிலத்துக்குத் தலா 3,75,000 டாலர் கட்டின.

"அது பிடிக்கலைன்னா வேற பிராண்டு போட்டுக்க வேண்டியதுதானே!" நல்ல யோசனைதான். ஏவிஜியை 2016-இல் அவாஸ்ட் வாங்கியது. அவீராவை 2021-இல் நார்ட்டன் வாங்கியது. 2022-இல் நார்ட்டனும் அவாஸ்ட்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆகிவிட்டன. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா நாலும் ஒரே முதலாளி. கடையில் நாலு கலர் பெட்டி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து, போட்டி நிறைந்த சந்தை என்று நினைத்தால் அது நம் வெகுளித்தனம் :-)

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. எல்லா ஃபைலையும் திறந்து பார்க்க வேண்டும் என்பதால் ஆன்ட்டிவைரஸுக்குக் கம்ப்யூட்டரில் உச்சபட்ச அதிகாரம் கொடுத்தாக வேண்டும். அந்த மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் திருடனுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். 2016-இல் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு, சிமன்டெக், நார்ட்டன் மென்பொருட்களில் இப்படிப்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. கெட்ட ஃபைலை யாரும் திறக்கக் கூட வேண்டாம், மெயிலில் வந்து சேர்ந்தாலே போதும் என்கிற அளவுக்கு மோசம். ஓட்டை தவிர குளறுபடியும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று வந்த ஒரு மெக்காஃபி அப்டேட், விண்டோஸின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று முடிவு கட்டியது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய ஏராளமான கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிப் படுத்துவிட்டன. வாட்ச்மேன் வீட்டுக்காரரையே அடித்த கதை.

இப்போது எதிர்க்கட்சி வாதம். "மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற ஓசி சரக்கு உருப்படியா இருக்குமா?"

நியாயமான சந்தேகம். ஒரு காலத்தில் உருப்படியாக இல்லை. 2009-இல் வந்த செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், 2012 கடைசியில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனச் சான்றிதழையே கோட்டைவிட்டது. "கட்டாயம் வேற ஒண்ணு போடு" என்று அன்றைக்குச் சொன்ன சீனியர் அண்ணன் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அறிவுரைக்கும் எக்ஸ்பைரி தேதி உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் உள்ளேயே வருகிறது. அதே ஏவி-டெஸ்ட்டில் இப்போதெல்லாம் டிஃபெண்டர் 18-க்கு 18 வாங்குவது சாதாரணமாகிவிட்டது. மற்ற பெரிய பிராண்டுகளும் அங்கேயேதான் நிற்கின்றன. ஓசியும் காசும் ஒரே மார்க் வாங்கும்போது எதற்காகக் காசு?

மைக்ரோசாஃப்ட் மகாத்மா என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் தகவல் சேகரிக்கிறது, அதுவும் ஒன்டிரைவ் வாங்கு என்று நச்சரிக்கிறது. ஆனால் விண்டோஸ் போட்ட அன்றே அந்த ஆளை வீட்டுக்குள் விட்டாயிற்று. பயமாக இருக்கிறது என்று இன்னொரு ஆளையும் கூப்பிட்டு இன்னொரு சாவி கொடுத்தால், நம்ப வேண்டிய ஆட்கள் இரண்டாவார்கள்.

"அப்ப வீட்டுக் கம்ப்யூட்டரெல்லாம் ஏன் நாசமாகுது?" முக்கியமான கேள்வி இதுதான். காசு கொடுத்து வாங்கிய பெட்டி பதில் சொல்லாத கேள்வியும் இதுதான்.

முதல் காரணம் க்ராக். டேலியிலிருந்து ஃபோட்டோஷாப் வரைக்கும் க்ராக். கொடுமையின் உச்சம், ஆன்ட்டிவைரஸுக்கே க்ராக் தேடுவது. "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று அதில் எழுதியிருக்கும். நம்மவர் பவ்யமாக ஆஃப் செய்வார். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் வருகிறது. ஃபோட்டோ, ப்ராஜெக்ட், ஸ்கேன் செய்து வைத்த பத்திரம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்தில் கட்டினால் பாதி விலை. ஆடித் தள்ளுபடி! கதவைத் திறந்துவிட்டது வீட்டுக்காரர் என்றால் எந்த வாட்ச்மேனும் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, அப்டேட்டைத் தள்ளிப்போடுவது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை உலகத்தையே ஆட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. பழைய விண்டோஸ் மேல் புது ஆன்ட்டிவைரஸ் போடுவது, இற்றுப்போன கதவுக்கு வெள்ளிப் பூட்டு போடுகிற வேலை.

மூன்றாவது, போன். "பேங்கிலிருந்து பேசறோம், இந்த ஆப்பை இறக்குங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்றதும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைக் காப்பாற்ற எந்தப் பெட்டியிலும் மருந்து கிடையாது.

அப்படியென்றால் என்னதான் செய்வது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புது லேப்டாப்பில் முப்பது நாள், அறுபது நாள் ட்ரையலாக ஒட்டிக்கொண்டு வரும் ஆன்ட்டிவைரஸை நீக்குங்கள். நீக்கியதும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். அப்டேட் கேட்டால் அன்றைக்கே போடுங்கள். க்ராக் வேண்டாம், லிப்ரே ஆபீஸ் மாதிரி உண்மையான இலவசங்கள் இருக்கின்றன. தம்பி தங்கைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனி அக்கவுன்ட் கொடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கிறது. ரான்சம்வேர் கை வைக்காமல் ஃபோல்டர்களைக் காக்கிற வசதி. பெரும்பாலும் ஆஃப் ஆகவே கிடக்கும், ஆன் செய்யுங்கள். சில நல்ல மென்பொருட்களையும் அது தடுக்கும். அப்போது அதை மட்டும் அனுமதித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வருஷா வருஷம் ஆன்ட்டிவைரஸுக்குக் கட்டுகிற காசைச் சேர்த்து வைத்து ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை முக்கியமானதை அதில் காப்பி செய்துவிட்டுக் கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றுவது முக்கியம், சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். 980 டாலர் கேட்டு மிரட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்க முடிகிற ஒரே ஆள், பீரோவில் பேக்கப் வைத்திருப்பவர்தான்.

அலுவலகம் நடத்துகிறவர்கள், நூறு கம்ப்யூட்டரை மேய்க்கிறவர்கள் கணக்கு வேறு, அவர்களுக்குத் தேவைகள் இருக்கின்றன. இது வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டருக்கான பேச்சு. அக்கா கல்யாண ஃபோட்டோவும், அப்பாவின் வரிக் கணக்கும், தம்பியின் ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. ஒருநாள் போனால் திரும்ப வராதவை.

அடுத்த முறை கடைக்காரர் "ஆன்ட்டிவைரஸ் போட்டுடலாமா சார்?" என்று கேட்கும்போது, எல்லாம் தெரிந்த அந்தப் பையன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான்.

"வேணாங்க. அந்தக் காசுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்துக் காட்டுங்க."