உத்தி மலிவா?

'உத்தி மலிவு.' 1972-இல் கான்சாஸில் நடந்த ஒரு சிற்ப மாநாட்டில் ஹார்வி லிட்டில்டன் சொன்ன வாசகம் இது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் கண்ணாடி உலையைக் கொண்டுவந்தவர் அவர். எந்தப் பேச்சுக்கு நடுவில், என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பதெல்லாம் உதிர்ந்துபோய் இரண்டு சொற்கள் மாத்திரம் மிஞ்சிவிட்டன. ஐம்பது வருஷமாகக் கலைப்பள்ளிகளில் இவற்றை மந்திரம் மாதிரி ஜபித்துக்கொண்டிருக்கிறார்கள். உலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிராதவர்கள்தாம் அதிகம் ஜபிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நான் இங்கிலாந்தில் ஒரு கலைப்பள்ளியில் கண்ணாடி ஊதக் கற்றுக்கொடுப்பவன், நானும் ஊதுபவன். இந்தப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். போன தடவை சென்னைக்கு வந்திருந்தபோது, எழுதுகிற நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்த இடத்தில் பேச்சு என் தொழிலுக்குத் திரும்பியது. 'அது கைவினை சார், கலை என்று ஏன் பெரிது பண்ணுகிறீர்கள்?' என்றார் ஒருவர். இன்னொருவர் நவீனமானவர். 'கலைஞனுக்கு வேண்டியது கருத்து. செய்து கொடுக்க ஆள் கிடைப்பான்' என்றார். தாங்கள் எதிரெதிர்க் கட்சி என்று நினைத்துக்கொண்டு இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே கட்சியாகத்தான் பட்டது. இருவருக்குமே கை என்பது மூளையின் வேலைக்காரன். ஒருவர் அவனை வாசலில் நிறுத்துகிறார், மற்றவர் கொல்லைப்புறமாக அனுப்புகிறார்.

லிட்டில்டன் மாடிசனில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மட்பாண்டக் கலை கற்பித்தவர். தகப்பனார் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியில் இயற்பியலாளர். பைரெக்ஸ் பாத்திரம் சமையலறைக்கு வந்ததில் அவருக்குப் பங்குண்டு. ஆகவே மகனுக்குத் தொழிற்சாலை அந்நியமல்ல. அன்றைக்குக் கண்ணாடி என்றால் தொழிற்சாலைதான். வரைபவர் ஓரிடத்தில், ஊதுபவர் வேறிடத்தில். வரைந்தவருக்குப் பெயர், ஊதியவருக்குக் கூலி. இந்தப் பிரிவினையை உடைக்கத்தான் 1962-இல், மார்ச்சிலும் ஜூனிலும், ஒஹாயோ மாநிலத்து டொலீடோ அருங்காட்சியக வளாகத்தில் இரண்டு பட்டறைகள் நடத்தினார். ஒரே ஆள், தன் சொந்தக் கூடத்தில், சின்ன உலை ஒன்றை வைத்துக்கொண்டு, தானே உருக்கித் தானே ஊத முடியுமா என்பது கேள்வி. முதலில் உருக்கிய கலவை ஊத வரவில்லை. கண்ணாடி இழைத் தொழிற்சாலையில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த டொமினிக் லாபினோ, இழை செய்வதற்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கோலிகளைப் போட்டு உருக்கச் சொன்னார். அது வந்தது. ஆனால் கூடியிருந்த மட்பாண்டக்காரர்களுக்குக் கை வரவில்லை. லிப்பி கம்பெனியில் ஊதி ஓய்வு பெற்றிருந்த ஹார்வி லீஃப்கிரீன் என்ற பெரியவர் வந்து ஊதிக் காட்டினார்.

இந்தப் பெரியவரைப் பற்றித்தான் எனக்கு அக்கறை. 'ஸ்டுடியோ கண்ணாடி' இயக்கத்தின் சரித்திரம் எழுதுகிறவர்கள் கோலிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். லீஃப்கிரீனுக்குப் பெரும்பாலும் ஒரு வாக்கியம், அதுவும் வேடிக்கைக் கதை போல. தொழிற்சாலையை விட்டு விலகியதாகப் பெருமைப்பட்ட ஒரு கலை, தன் முதல் பாடத்தைத் தொழிற்சாலைக் கை ஒன்றிடம்தான் வாங்கிக்கொண்டது. பத்து வருஷம் கழித்து அதே கலை, அந்தக் கை மலிவு என்கிறது.

லிட்டில்டன் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உத்தி யாருக்கும் கற்றுக்கொள்ளக் கிடைப்பது, அதை மட்டும் வைத்துக்கொண்டு கலை பண்ண முடியாது என்று பொருள் கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்கு அதற்குள் ஊதத் தெரிந்திருந்தது. தெரிந்தவன் மலிவு என்பது வேறு; பணக்காரன் 'பணம் என்ன பெரிசு' என்கிற மாதிரி. பெட்டி காலியாக இருப்பவன் அதையே திருப்பிச் சொல்லும்போதுதான் சங்கடம். நமக்கும் இது தெரிந்த விஷயம். டொலீடோவில் உலை மூட்டிய அதே 1962-இல்தான் செல்லப்பா 'புதுக்குரல்கள்' கொண்டுவந்தார். யாப்பைக் கைவிட்ட முதல் தலைமுறைக்கு அது காதில் இருந்தது. எதை விடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். பின்னால் வந்தவர்களில் பலர் விடுவதற்கு ஒன்றுமே இல்லாமல் விட்டார்கள். அந்த வரிகளை நாம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

உலையில் கண்ணாடி 1100 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரவும் பகலும் உருகிக் கிடக்கிறது. தேனில் குச்சியை விட்டுச் சுற்றி எடுக்கிற மாதிரி ஊதுகுழலின் நுனியில் அதைச் சுற்றி எடுக்க வேண்டும். எடுத்த கணத்திலிருந்து குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தரை தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் ஊறிய மரக்கரண்டிக்குள் உருட்டி, சின்னதாக ஒரு மூச்சு விட்டு, குழல் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால், உள்ளே போன காற்று சூடேறித் தானே விரிந்து குமிழாகிறது. கன்னம் புடைக்க ஊதுவது என்று நினைத்து வருகிற மாணவர்களுக்கு முதல் ஏமாற்றம் இங்கேதான். சூடாக இருக்கிற இடம் விரியும், ஆறிய இடம் விரியாது. ஆகவே உருவம் என்பது சூடு எங்கே இருக்கிறது என்ற அறிவு. அந்த அறிவைக் கண் பாதிதான் தரும். மீதி குழலின் கனத்தில் இருக்கிறது, சுழலும்போது விரலுக்கு வரும் தள்ளாட்டத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரம்தான் அவகாசம். அதற்குள் செய்வதைச் செய்துவிட்டு, சூடு காட்டும் இன்னொரு உலையின் வாய்க்குக் கொண்டு ஓட வேண்டும். வேலை நடக்கும்போது செய்கிறவன் விரல் அந்தப் பொருளைத் தொடவே முடியாது. நனைத்து மடித்த செய்தித்தாள் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உருவைத் தடவிக் கொடுப்பதுதான் அதிகபட்ச நெருக்கம். (செய்தித்தாளுக்கு இதைவிட நல்ல உபயோகத்தை நான் பார்த்ததில்லை.)

பிறகு வாய் திறக்க வேண்டும். உதவியாள் நுனியில் துளி கண்ணாடி ஒட்டிய இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து அடியில் ஒட்டுவார். கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், குழலில் ஒரு தட்டு. பாத்திரம் இப்போது அவர் கையில். அவருடைய கம்பி நடுவில் ஒட்டவில்லை என்றால் என் ஒரு மணி நேரம் போச்சு. ஒட்டினால், கடைசியில் 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து மெல்ல மெல்ல ஆற்ற வேண்டும். தடித்த வார்ப்புகளுக்கு இது வாரக்கணக்கில் போகும். அவசரப்பட்டால், நாளையோ அடுத்த மாதமோ, யாரும் தொடாமலே விரிசல் விடும்.

இதில் கருத்து எந்த இடத்தில் இருக்கிறது, உத்தி எந்த இடத்தில் முடிகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டினால் அவர் காலில் விழத் தயார்.

கலைப்பள்ளி கோடு போட்டிருக்கிறது. மாணவர் ஒரு பக்கத்துக்குத் தம் நோக்கத்தை எழுதித் தர வேண்டும். படம் போட வேண்டும். பிறகு 'டெக்னீஷியன்' செய்து தருவார். டெக்னீஷியன் என்பவர் பெரும்பாலும் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஊதத் தெரிந்தவர், எங்கள் எல்லோரையும்விடக் குறைந்த சம்பளக்காரர். நான் முதல் பருவம் முழுக்க டம்ளர் ஒன்றையே ஊதச் சொல்கிறேன்: நேரான சுவர், சமமான கனம், வேறொன்றும் வேண்டாம். ஒரு மாணவி கோபித்துக்கொண்டாள். 'நான் துக்கத்தைப் பற்றி வேலை செய்ய வந்திருக்கிறேன், டம்ளரைப் பற்றி அல்ல.' நல்ல பெண், புத்திசாலி. அவள் செய்ய விரும்பியது தொங்கிச் சரிகிற உருவங்கள். முதல் வாரம் எதை எடுத்தாலும் சரியத்தான் செய்தது, அவள் விரும்பாத இடத்தில், விரும்பாத பக்கம். நேராக நிற்க வைக்கத் தெரியாதவள் கையில் சரிவு வெறும் விபத்து. பதினோராவது வாரத்தில் சுவர் நேராக நின்றது. அதற்கப்புறம் அவள் ஒன்றைச் சரிய விட்டாள். எங்கே, எவ்வளவு என்று அவளே தீர்மானித்து விட்டாள். அதைப் பார்த்தபோது துக்கம் என்ற சொல்லை யாரும் எனக்கு எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

லிட்டில்டனின் மாணவர் டேல் சிஹூலி 1968-இல் முரானோத் தீவுக்குப் போய் வெனினி உலைக்கூடத்தில் பார்த்தது ஒரு குழு. தலைவர் மாயெஸ்த்ரோ, துணையாள் செர்வெந்தே, எடுபிடிப் பையன் கார்சோனே. பேச்சில்லாமல் நாட்டியம் மாதிரி வேலை. தனி ஆளின் கூடம் என்ற கனவு அங்கேயே கலைந்திருக்க வேண்டும், கலைந்தது. 1971-இல் வாஷிங்டன் மாநிலத்தில் அவர் முன்னின்று தொடங்கிய பில்சக் பள்ளிக்கு 1979-இல் முரானோவிலிருந்து லீனோ தாலியாபியெத்ரா வந்தார். சிறுவனாக உலைக்குள் நுழைந்து இருபத்தோரு வயதில் மாயெஸ்த்ரோ ஆனவர். தீவு நூற்றாண்டுகளாகப் பொத்தி வைத்திருந்ததை அவர் அங்கே திறந்து கொடுத்தார். இந்த இயக்கத்தில் என் மனசுக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி அது. சிஹூலிக்கு 1976-இல் கார் விபத்தில் இடது கண் போயிற்று. 1979-இல் தோள் இடம் பெயர்ந்தது. அதற்குப் பின் குழலைப் பிறர் பிடிக்கிறார்கள், அவர் நின்று நடத்துகிறார். அவர் உடம்புக்கு நேர்ந்ததை வைத்து வாதம் பண்ணுவது அநாகரிகம். அவர் நடத்துவதில் ஆற்றலும் உண்டு. என் கேள்வி வேறு. இத்தனை கைகள் சேர்ந்து செய்ததன் அடியில் ஏன் ஒரே பெயர்? 1962-இல் எதை உடைக்கக் கிளம்பினார்களோ அதே பிரிவினைக்கு, ஓவியக்கூட வெளிச்சத்தோடு, திரும்பி வந்திருக்கிறார்கள். தொழிற்சாலை தன்னைத் தொழிற்சாலை என்றாவது சொல்லிக்கொண்டது.

வேறு வழியும் இருந்தது. அதே வருஷங்களில், ப்ராக் நகரில். ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கி 1963-லிருந்து 1987 வரை அங்கே கலைக் கல்லூரியில் கண்ணாடிப் பிரிவை நடத்தினார். அந்த நாட்டில் கண்ணாடிக்கென்றே பள்ளிகள் நெடுங்காலமாக உண்டு: காமெனிட்ஸ்கி ஷெனோவில் 1856-லிருந்து, ஷெலெஸ்னி ப்ரோடில் 1920-லிருந்து. கை பழகியவர்கள் அங்கிருந்து வந்தார்கள். லிபென்ஸ்கி அவர்களை வரையச் சொன்னார், ஓவியனைப் போலவும் சிற்பியைப் போலவும் யோசிக்கச் சொன்னார். அவருடைய மனைவி யாரோஸ்லாவா ப்ரிக்தோவா சிற்பி. அவர் வரைய, இவர் களிமண்ணில் உருவாக்கி அச்செடுத்து, கண்ணாடியை அதற்குள் உருக வைத்து வார்த்தார்கள். கண்ணாடியின் பின்பக்கத்தில் குழியாகச் செய்ததை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒளி அதைப் புடைப்பாகக் காட்டுகிறது. இதைக் கண்டுபிடித்தது கருத்தா, உத்தியா? 1970-இல் ஒஸாகா கண்காட்சிக்கு அவர்கள் வார்த்த 'வாழ்வின் நதி'யில் இராணுவக் காலணித் தடங்கள் இருந்தன. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் ப்ராகுக்குள் வந்திருந்தன. தடங்களை அழிக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. இருவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அலங்காரப் பொருள்தானே என்று தணிக்கைக்காரர்கள் அதுவரை கண்ணாடியைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. வேலைகளின் கீழே எப்போதும் இரண்டு பெயர்கள்.

உத்தி உபாசகர்களோடும் எனக்கு உறவில்லை. நூலிழைக் காம்பும் டிராகன் வாலுமாகக் கிண்ணம் ஊதிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு. சர்க்கஸ். சொல்ல ஒன்றும் இல்லாதவன் சரளமாகப் பேசுவது எப்படியோ அப்படி.

இந்தச் சச்சரவெல்லாம் ரசனைப் பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். 674 வாக்கில் பெனடிக்ட் பிஸ்கப் என்ற துறவி வேர் ஆற்று முகத்துவாரத்தில் மடம் கட்டியபோது, அதன் ஜன்னல்களுக்காக கால் தேசத்திலிருந்து கண்ணாடிக்காரர்களை வரவழைத்தார். அந்த இடம் இன்றைய சண்டர்லேண்ட். 1998-இல் அங்கே தேசியக் கண்ணாடி மையம் திறந்தார்கள். பல்கலைக்கழகத்தின் கண்ணாடிப் படிப்பும் அதற்குள்தான் நடந்தது. 2023 ஜனவரியில் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. செப்பனிடும் செலவு தாங்காது என்றது. அதே வருஷம், வாயால் ஊதித் தகடாக்கும் ஜன்னல் கண்ணாடித் தொழில் பிரிட்டனில் அழிந்துவிட்டதாகப் பட்டியலில் ஏறியது. அதே வருஷம் டிசம்பரில் யுனெஸ்கோ, செக், பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆகிய ஆறு நாடுகளின் கைக் கண்ணாடித் தொழிலை மானுடப் பாரம்பரியம் என்று அறிவித்தது. பாராட்டுப் பத்திரம் ஒரு கையில், எரிவாயு ரசீது இன்னொரு கையில்.

உலை அணையாமல் எரிய வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், வாஸ்தவம். ஆனால் கணக்குப் பார்க்கிறவர்கள் தங்கள் வாதத்தைக் கணக்கிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. நான் வேலை செய்கிற பள்ளியில் போன குளிர்காலத்துக் கூட்டத்தில், உலை எதற்கு என்று கேட்ட நிர்வாகி சொன்னது இது: 'கலை கருத்தில்தானே இருக்கிறது? செய்வதை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாமே.' சபையில் இருந்த கலைஞர்கள் தலையாட்டினார்கள். பாவம், அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? இதைத்தானே அவர்களே மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் என் நவீன நண்பர் சொன்னதும் எழுத்துக்கு எழுத்து இதுவே. அவருக்கு மூட வேண்டிய உலை எதுவும் கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

உலை இன்னும் எரிகிறது. இந்த வருஷக் கடைசிக் கண்காட்சிக்கு அந்த மாணவியின் சரிந்த உருவங்களை வைத்தோம். பெயர் அட்டையில் நாலு பெயர்கள் கொடுத்திருந்தாள்: தன்னுடையது, கம்பி ஒட்டியவன், கதவு திறந்தவள், எங்கள் டெக்னீஷியன். ஒரு வேலைக்கு ஒரு கலைஞர்தான் என்று குறித்து அலுவலகம் அட்டையைத் திருப்பி அனுப்பியது. நாங்கள் நாலு பெயர்களையும் மறுபடி அச்சடித்து, கொஞ்சம் பெரிய எழுத்தில், ஒட்டியிருக்கிறோம்.