பகலை எட்டாக வெட்டிய பாம்பு

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. கடைக்காரன் பூட்டைத் திறந்துவிட்டான். முதல் விற்பனையைத் தொடங்கவில்லை. பெண் கேட்கப் புறப்பட்டவர்கள் வாயிற்படியைத் தாண்டவில்லை. புது வேலையில் சேர வேண்டிய இளைஞன் அலுவலக வாயிலில் நின்று மணிப்பொறியைப் பார்க்கின்றான். ஒன்பது மணி வரை இவர்களைக் கட்டி வைத்திருப்பது எது? சட்டமா? படையா? இல்லை. வானத்திலே இல்லாத ஒரு பாம்பு!

இராகு என்பதும் கேது என்பதும் கோள்கள் அல்ல. வானத்தில் கதிரவன் செல்லும் வழியைத் திங்களின் வழி ஏறத்தாழ 5 பாகைச் சாய்வில் குறுக்கே வெட்டுகின்றது. அவ்வாறு வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு இடப்பட்ட பெயர்களே இவை. வெள்ளுவாவோ காருவாவோ அப்புள்ளிகளின் அருகில் நேரும்போது மறைப்பு உண்டாகின்றது. அவற்றுக்கு உடலில்லை, எடையில்லை, ஒளியில்லை. இரண்டு சாலைகள் குறுக்கிடும் நாற்சந்தி எழுந்து வந்து ஒருவன் கழுத்தை நெரிக்குமா? நெரிக்கும் என்று நம்புகின்றவனைத்தான் கற்றவன் என்கின்றோம்!

இனி, இக்கணக்கின் நேர்மையைப் பார்ப்போம். கதிரவன் எழுவது முதல் மறைவது வரையுள்ள பகலை எட்டாக வெட்டி, ஒரு துண்டை இராகுவுக்கும், ஒரு துண்டை எமகண்டத்துக்கும், ஒரு துண்டைக் குளிகைக்கும் படையல் வைத்தனர். குளிகையில் செய்தது மீண்டும் நிகழுமாம். ஆகவே அப்பொழுதில் பிணம் எடுக்கலாகாதாம்! இராகுவும் எமகண்டமும் மட்டுமே நாளொன்றுக்கு 3 மணி, ஏழு நாளுக்கு 21 மணிப்பொழுதை விழுங்குகின்றன.

நாட்காட்டியில் அச்சிடப்படும் நேரமெல்லாம் கதிரவன் ஆண்டு முழுதும் 6 மணிக்கு எழுந்து 6 மணிக்கு மறைவதாகக் கொண்டு போடப்பட்டவை. சென்னையிலோ வேனிலில் 6 மணிக்கு முன்னரே பொழுது விடிகின்றது. தை மாதத்தில் ஆறரை மணி ஆகின்றது. மேலும், இன்று நாம் பார்க்கும் மணி 82½ பாகை நெடுவரைக்குரியது; 1906-இல் ஆங்கிலேயர் வகுத்தது. குமரிமுனையின் உண்மை நேரம் அதனினும் ஏறத்தாழ 20 மணித்துளி பிந்தியது. ஆங்கிலேயன் மணிப்பொறியைத் திருத்தியபோது பாம்பும் தன் வேலை நேரத்தைத் திருத்திக்கொண்டதா? சிங்கப்பூரில் கதிரவன் எழுவது ஏறத்தாழ 7 மணிக்கு. சென்னை நாட்காட்டியை அங்கே மாட்டி வைத்திருக்கும் தமிழன் எந்த வானத்துக்கு அஞ்சுகின்றான்?

ஐந்திறத்தார்க்குள்ளேனும் உடன்பாடு உண்டா? திருக்கணிதத்தின்படி காரிக்கோள் பெயர்ந்தது 2020 சனவரி 24-இல். வாக்கியத்தின்படி அதே ஆண்டு திசம்பர் 27-இல். 2023-லும் ஒன்று சனவரி என்றது. மற்றொன்று திசம்பர் என்றது. ஒரே வானம், ஒரே கோள், பதினொரு மாத வேறுபாடு! இரண்டு பெயர்ச்சிக்கும் தட்டில் காசு விழுந்தது. அதில் மட்டும் வேறுபாடில்லை.

இவை வேதம் கண்ட மெய்ம்மைகள் என்பர். அதுவும் பொய்யே. வேத உறுப்பெனப் போற்றப்படும் வேதாங்க சோதிடத்தில் ஏழு கிழமைகளும் இல்லை. பன்னிரண்டு இராசிகளும் இல்லை. கிழமையின்றி இராகுகாலம் ஏது? மேலையாசியாவிலும் கிரேக்கத்திலும் உருவான கணியத்தைப் பிற்காலத்தில் கடன் வாங்கி, வடமொழிப் போர்வை போர்த்தி, முனிவர் வாக்கு என்று விற்றனர். கேந்திரம், பணபரம், ஆபோக்கிலிமம் எனக் கணியர் உருட்டும் சொற்கள் கிரேக்கச் சொற்களின் திரிபுகளே. கடன் வாங்கிய சரக்கைத் தமிழன் தலையில் தெய்வச் சரக்காக ஏற்றினர், அவனும் சுமக்கின்றான்.

“பழந்தமிழரும் நாள் பார்த்தனரே” என்று சிலர் மடக்குவர். பார்த்தனர், அதை மறைக்க வேண்டியதில்லை. அகநானூற்றின் 86, 136-ஆம் பாடல்களில் திங்கள் நன்னாளிற் பொருந்திய பொழுதில் மணம் நிகழ்கின்றது; 136-இல் புள்ளும் பார்க்கப்படுகின்றது. ஆயினும் அங்கே கிழமைக்கொரு பாம்பு இல்லை. மந்திரம் ஓதுவோன் இல்லை, தீவலம் இல்லை. 86-இல் மணமகளை நீராட்டி வாழ்த்துவோர் மக்களைப் பெற்ற மகளிர். அன்றியும், முன்னோர் செய்தது பிழையாயின் அதைக் காப்பது நம் கடனன்று. அவர் பெருமை வேறிடத்தில் உள்ளது. நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறாகப் பகுத்தனர். அவற்றுள் ஒன்றையேனும் தீப்பொழுது என்று ஒதுக்கினாரில்லை. வள்ளுவர் காலமறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். பகலில் காக்கை கூகையை வெல்வது பகல் தனக்கு ஏற்றதாயிருத்தலால். செயலுக்கு ஏற்ற காலமே நற்காலம். கட்டத்தில் எழுதிய காலமன்று.

இம்மடமை வீண்காத்திருப்போடு நின்றால் நகைத்துவிட்டுப் போகலாம். இன்று அது தாயின் வயிற்றில் கத்தியை வைக்கின்றது. 2019–21 நாட்டு நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தன. அவற்றுள் பல உயிர் காக்கச் செய்தவையே. ஆனால், நல்ல நாண்மீனில் பிள்ளை பிறக்க வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வோரும் உளர். 39 வாரம் நிறையுமுன் தேவையின்றி அறுத்தெடுக்கப்படும் குழவி மூச்சுத்திணறலுக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவம் கண்ட உண்மை. அரசாளும் ஓரையில் பிறந்த பிள்ளை மூச்சுக்குப் போராடுகின்றது! இக்குற்றத்துக்கு எந்தக் கோள் பொறுப்பேற்கும்?

அரசும் இதற்குத் துணை நிற்கின்றது. நன்னாள் என்று பதிவகங்களில் கூடுதல் வரிசைவில்லைகள். நன்னாள் என்று சிறப்புப் பேருந்துகள். ஐயரும் தீவலமும் இன்றி நிகழும் தன்மான மணத்துக்கு 1967-இல் சட்டத் திருத்தம் கண்ட நாடு இது. அம்மணத்தை இராகுகாலத்திலேயே நடத்திக் காட்டிய தலைமுறையின் பெயரர்கள் இன்று அழைப்பிதழில் ஓரை அச்சிடுகின்றனர்!

தமிழர்களே! மொழியில் கலந்த வேற்றுச்சொல்லைக் களைந்தால் போதாது. பொழுதில் கலந்த அச்சத்தையும் களைதல் வேண்டும். அடுத்த மணத்தை உறவினர் அனைவரும் கூடத்தக்க நாளில் வையுங்கள். அடுத்த பேற்றை மருத்துவ அறிவுக்கு விடுங்கள். திங்கட்கிழமை ஏழரை மணிக்கே கடையைத் திறந்து விற்பனையைத் தொடங்குங்கள். பாம்பு வராது, வாங்க வருவோர் வருவர்.