திரைராசிகம் தவறும் இடம்

70 கிலோ எடையுள்ளவருக்கு மருந்து 42 மில்லிகிராம் என்றால், 140 கிலோ எடையுள்ளவருக்கு எவ்வளவு? திரைராசிகம் படித்த பிள்ளை எவனும் நொடியிலே 84 என்பான். நானும் முழு மார்க்குக் கொடுத்துவிடுவேன். ஆனால் ரண சிகிச்சை அறையில் அந்த விடை நோயாளிக்கு ஆபத்தாகலாம்.

தென் அமெரிக்க வனவாசிகள் அம்பு நுனியில் தடவிவந்த விஷம் குராரே. அதனை 1942-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் கனடா தேசத்து மான்ட்ரியால் நகரிலே ஹெரால்ட் கிரிபித், ஈனிட் ஜான்ஸன் என்னும் இரு டாக்டர்கள் மயக்க மருந்துடன் சேர்த்துப் பிரயோகித்தார்கள். வயிற்றுத் தசைகள் தளர்ந்து கொடுத்தன. ரோக்குரோனியம் என்பது அவ்வழியில் பின்னர் வந்த மருந்து. இது தசையைத் தளர்த்துமேயன்றி நினைவையும் போக்காது, வலியையும் தீர்க்காது. மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடுமாதலால் யந்திரத்தால் மூச்சளிக்க வேண்டும்.

இம்மருந்து நீரோடு உறவாடுவது. கொழுப்பினுள் எளிதில் புகாது. ஆகையால் மிகுந்த கொழுப்பையும் எடையிலே சேர்த்து அளவு போடலாகாது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள புருஷர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு வைத்தியர் ப்ரோகாவின் பெயரால் வழங்கும் கணக்குப்படி, உயரத்தில் 100-ஐக் கழித்தால் அவருக்கு உரிய எடை 70 கிலோ. அவர் 140 கிலோ கனத்தாலும், கிலோவுக்கு 0.6 வீதம் 42 மில்லிகிராமே கணக்கு. 84 கொடுத்தால் தளர்ச்சி நெடுநேரம் நீடிக்கும். ஸ்தூல சரீரிகளுக்கோ மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டும். கண் விழித்த பின்பும் தொண்டைத் தசையில் தளர்ச்சி மிச்சமிருந்தால் அவர்கள் பாடு என்னாவது! (ஆகவே, ஆஸ்பத்திரியில் உயரம் கேட்டால் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லாதீர்கள்.)

ஸக்ஸினைல்கோலின் என்ற மருந்திலோ கணக்குத் தலைகீழ். அதைச் சிதைக்கும் பொருள் இரத்தத்திலேயே உண்டு. பருத்தவர்களிடம் அப்பொருளும் அதிகம், உடல் நீரும் அதிகம். எனவே முழு எடைக்கும் கிலோவுக்கு 1 வீதம் 140 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். குறைத்தால், மூச்சுக் குழாயைச் செலுத்தும் அவசர வேளையில் தசை இணங்காது.

கணக்கு எதுவாயினும் டாக்டர்கள் அதை மட்டும் நம்பியிருப்பதில்லை. மணிக்கட்டு நரம்பில் நான்கு மின்சாரத் துடிப்புகளைச் செலுத்திக் கட்டைவிரல் அசைவதை அளக்கிறார்கள். நான்காவது அசைவு முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது திரும்பிய பிறகே குழாயை எடுப்பது முறை.

ரோக்குரோனியத்தைக் கவ்விச் செயலறச் செய்யும் ஸுகம்மாடெக்ஸ் 2008-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. வேடிக்கையைப் பாருங்கள்: அந்த மாற்று மருந்துக்கு அதன் குறிப்பேடு விதிப்பது தராசு காட்டும் மெய்யான எடையைத்தான்.